பைக் லிஃப்ட்: எதைப் பிடித்துத் தூக்குவது?

வீட்டு கேரேஜுக்கு லிஃப்ட் தேர்ந்தெடுப்பது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: என்னுடையது 195 கிலோ எடையுள்ள 350 சிசி வண்டி. செயின் சுத்தம் செய்வது, ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவது, எப்போதாவது சக்கரத்தைக் கழற்றுவது. வீட்டில் நான் பார்க்கும் வேலை இவ்வளவுதான். இதற்கு, வண்டியை மேடையோடு தூக்கும் டேபிள் லிஃப்ட் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. இந்த வேலைகளுக்குச் சக்கரம் தரையிலிருந்து இரண்டு விரல் அளவு எழும்பினாலே போதும். வண்டியில் சென்டர் ஸ்டாண்டு இருந்தால் பின்சக்கர வேலை எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். இல்லையென்றால் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பி நிறுத்தும் பேடக் ஸ்டாண்டு ஒன்று வாங்குங்கள்.

பேடக் ஸ்டாண்டு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் என்ற கையை இரண்டு விதமாகப் பிடிக்கும். ஒன்று, ஸ்விங் ஆர்மின் அடியில் போய் உட்காரும் ரப்பர் பேடு. இன்னொன்று, ஸ்விங் ஆர்மில் ஸ்பூல் எனப்படும் உருளைகளைத் திருகி, அவற்றைக் கவ்வும் கொக்கி. ஸ்பூலுக்கான மரைத் துளை உங்கள் வண்டியில் இருந்தால் கொக்கி வகையையே எடுங்கள். ரப்பர் பேடில் ஆயிலோ செயின் லூப்போ பட்டால் வழுக்கும்; கொக்கியில் அந்தப் பயம் இல்லை. மரை அளவு வண்டிக்கு வண்டி மாறும்: 6, 8, 10 மி.மீ. மூன்றும் புழக்கத்தில் உண்டு. துளையை அளக்காமல் ஸ்பூல் வாங்காதீர்கள். ஒற்றைப் பக்க ஸ்விங் ஆர்ம் உள்ள வண்டிக்கு இந்த இரண்டுமே ஆகாது. ஆக்ஸில் எனப்படும் சக்கர அச்சின் துளைக்குள் நுழையும் ஊசி வகை ஸ்டாண்டு, அதுவும் அந்த மாடலுக்குரிய விட்டத்தில் வேண்டும்.

முன்சக்கரத்துக்கும் ஸ்டாண்டு வேண்டுமென்றால், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் அடிப்பாகத்தைத் தாங்கும் வகையைவிட, ஹேண்டில் கழுத்தின் கீழே உள்ள துளையில் ஊசி நுழைத்துத் தூக்கும் வகைதான் சிறந்தது. முதல் வகையில் சக்கரத்தைக் கழற்றலாம், ஃபோர்க்கைக் கழற்ற முடியாது. இரண்டாவதில் ஃபோர்க்கையும் கழற்றலாம். கழுத்து பேரிங் மாற்றுவது மட்டும் அதில் நடக்காது, ஏனென்றால் வண்டியே அந்தக் கழுத்தில்தான் தொங்குகிறது. எந்த வகையானாலும் தூக்கும்போது முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம். இறக்கும்போது முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம். பின் ஸ்டாண்டு இல்லாமல் முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் வண்டி பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

செயினைச் சுத்தம் செய்யும்போது சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, துணியைச் செயினில் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். துணி ஸ்ப்ராக்கெட்டில் சிக்கினால் விரலும் கூடவே போகும். கையை இழுத்துக்கொள்ள நேரமே கிடைக்காது.

கேள்வி: 680 கிலோ தாங்கும் என்று எழுதிய, இரண்டு கைகள் உள்ள ஹைட்ராலிக் ஜாக் பார்த்தேன். என் வண்டி 200 கிலோதான். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

பதில்: எடையை அது தூக்கும். வண்டி அதன்மேல் நிற்குமா என்பதுதான் கேள்வி. அதற்கு முதலில் உங்கள் வண்டியின் அடிவயிற்றைப் பாருங்கள். தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இன்ஜினுக்கு அடியில் இரண்டு ஃபிரேம் குழாய்கள் நீளவாக்கில் ஓடினால், ஜாக்கின் இரு கைகளும் அவற்றின்மேல் நேராக உட்காரும். இந்த ஜாக்குக்கு ஏற்ற வண்டி அதுதான். குழாய் இல்லாமல், ஃபிரேமிலிருந்து இன்ஜின் தொங்கும் அமைப்பாக இருந்தால் நிலைமை வேறு. அடியில் உங்களுக்குத் தெரிவது அலுமினிய ஆயில் சம்ப் (இன்ஜின் ஆயில் தேங்கும் தொட்டி), வடிகால் போல்ட், ஆயில் ஃபில்டர், சைலன்சர் குழாய் ஆகியவைதான். சம்ப்பின் மெல்லிய சுவரில் 200 கிலோ அழுந்தினால் விரிசல் விடும். சைலன்சர் குழாய் நசுங்கும். இன்ஜின் அடியைத் தாங்கலாம் என்று வண்டியின் சர்வீஸ் கையேடு சொன்னால் மட்டும் 18 மி.மீ. பிளைவுட் துண்டை இடையில் கொடுத்து, பாரத்தைப் பரப்பித் தூக்கலாம். கையேடு அப்படிச் சொல்லாவிட்டால் முன், பின் பேடக் ஸ்டாண்டுகள்தான் வழி. சாகச வண்டிகளில் அடியில் இருக்கும் உலோகக் கவசத்தை நம்பாதீர்கள். அது கல் தெறிப்பதைத் தடுக்க வைத்தது. பல வண்டிகளில் அதைப் பிடித்திருப்பது சில 6 மி.மீ. போல்ட்டுகள்தான்.

குழாய் உள்ள வண்டியில் ஜாக்கை எங்கே வைப்பது? எந்தச் சக்கரத்தைக் கழற்றப் போகிறீர்களோ, ஜாக்கை அந்தப் பக்கமாகச் சற்றுத் தள்ளி வையுங்கள். பின்சக்கரம் கழற்ற வேண்டுமானால் எடைமையத்துக்குக் கொஞ்சம் பின்னால் ஜாக் இருக்கட்டும். அப்போது பின்பக்கம் மட்டும் எழும்பும், முன்சக்கரம் தரையிலேயே ஊன்றி நிற்கும். பின்சக்கரத்தைக் கழற்றியதும் எடை மேலும் முன்னால் போகும், முன்டயர் இன்னும் அழுத்தமாகத் தரையில் உட்காரும். நடுவில் வைத்து இரண்டு சக்கரத்தையும் காற்றில் தூக்கினால் இதற்கு நேர்மாறாக நடக்கும். 15 கிலோ சக்கரம் ஒரு முனையிலிருந்து போன கணத்தில் மறுமுனை கீழே சாயும். முன்சக்கரம் கழற்றும்போதும் இதே கணக்கு, திசை மட்டும் மாறும்.

இன்னொன்று, ஜாக்கில் ஏற்றிய பிறகு இறுக்கமான நட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். ஆக்ஸில் நட்டு, ஸ்ப்ராக்கெட் நட்டு, ஃபோர்க்கின் மேல்மூடி இவற்றை எல்லாம் இரு சக்கரமும் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட்டு, அதற்குப் பிறகு தூக்குங்கள். 100 நியூட்டன் மீட்டர் இறுக்கத்தில் இருக்கும் ஆக்ஸில் நட்டை நீண்ட ஸ்பானரால் உதைத்துத் திறக்கும் விசை, ஜாக்கில் நிற்கும் வண்டியைத் தள்ளிவிடப் போதுமானது.

கேள்வி: பழைய வண்டிகளை முழுதாகப் பிரித்துச் சேர்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. முதுகு ஒத்துழைக்கவில்லை. டேபிள் லிஃப்ட் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். கடையில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன, எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: உங்கள் வேலைக்கு டேபிள் லிஃப்ட் சரியான முடிவு. வீட்டுக்கு வாங்கும் டேபிள்கள் பெரும்பாலும் 450 கிலோ தாங்குபவை. கோல்டு விங் போல 350 கிலோவைத் தாண்டும் வண்டிகள் வைத்திருப்போர்தான் இந்த எண்ணைப் பற்றி யோசிக்க வேண்டும். மற்றவர்கள் பார்க்க வேண்டியவை வேறு.

முதலில் பூட்டு. ஹைட்ராலிக் என்பது தூக்குவதற்கு, தாங்கிக்கொண்டே இருப்பதற்கு அல்ல. உயர்த்திய பிறகு இரும்புத் தண்டோ பல்சட்டமோ விழுந்து, ஆயில் முழுவதும் கசிந்துபோனாலும் டேபிள் இறங்காதபடி பூட்ட வேண்டும். மிக உயரத்தில் மட்டும் பூட்டும் டேபிளை ஒதுக்கிவிடுங்கள். முழு உயரமான 75 முதல் 80 செ.மீ.யில் வைத்தால் முன் ஆக்ஸில் சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்கு வரும். நின்றுகொண்டு பிரேக், சக்கர வேலை பார்க்க அது வசதி. இன்ஜினின் மேல்பாகத்தைப் பிரிக்கவோ ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்க்கவோ அந்த உயரம் அதிகம். 45, 60 செ.மீ. போன்ற இடைநிலைகளிலும் பூட்டு விழ வேண்டும். முதுகுவலி உள்ளவருக்கு டேபிளின் உண்மையான பயன் இந்த இடைநிலைகளில்தான் இருக்கிறது.

அடுத்தது அகலம். 55 செ.மீ. அகல டேபிளில் டயர் நடுவில் நின்றால் இரு பக்கமும் 27 செ.மீ. சொச்சம்தான் மிச்சம். உங்கள் வண்டியைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, டயரின் நடுவிலிருந்து ஸ்டாண்டின் கால் வரை அளந்து பாருங்கள். 27 செ.மீ.க்கு மேல் வந்தால் அந்தக் கால் டேபிளில் இறங்காது. தனி ஆளாக ஏற்றுபவருக்கு இது பெரிய தலைவலி: முன்சக்கரத்தைக் கவ்வும் கிளாம்பை இறுக்கும்வரை வண்டியை விட்டு நகரவே முடியாது. 70 செ.மீ. அகலமோ பக்கவாட்டு இணைப்புப் பலகைகளோ உள்ளதை வாங்குங்கள்.

முன்சக்கரக் கிளாம்ப் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடியதாக இருக்கட்டும். டேபிளின் பின்பகுதியில் ஒரு தகடு கழன்று வரும். ஆக்ஸிலை உருவியதும் சக்கரத்தைக் கீழே இறக்கி, மட்கார்டில் இடிக்காமல் வெளியே எடுக்க அந்த வழி. பின்டயர் சரியாக அந்தத் தகட்டின்மேல் நின்றால்தான் அது பயன்படும். ஆக்ஸில்களுக்கு இடையிலான தூரம் சிறிய வண்டியில் சுமார் 1.25 மீட்டர், பெரிய டூரிங் வண்டியில் 1.7 மீட்டர் வரை. கிளாம்ப் ஒரே இடத்தில் வெல்டு செய்யப்பட்டிருந்தால் உங்கள் வண்டிகளில் பாதிக்குத் தகட்டு வழியால் பயனில்லை.

பலர் கவனிக்காமல் விடுவது டேபிள் உயரும் பாதை. எக்ஸ் வடிவில் இரு கால்கள் குறுக்கே பின்னிய சிசர் டேபிள் நேர்மேலே போகும். இணையான இரண்டு ஜோடிக் கைகளில் நிற்கும் டேபிள், எழும்பும்போது ஒரு பக்கமாகவும் நகரும். கை 80 செ.மீ. நீளம் என்றால் முழு உயரத்துக்குப் போவதற்குள் சுமார் 40 செ.மீ. தள்ளிப்போய்விடும். சுவரை ஒட்டி வைத்துவிட்டு உயர்த்தினால் முன்சக்கரம் சுவரில் மோதும். டேபிளின் நீளத்தோடு இந்த நகர்வையும் ஏறுபலகையின் அரை மீட்டரையும் சேர்த்துத்தான் இடத்தை அளக்க வேண்டும்.

ஏறுபலகை நீளமாக இருப்பது நல்லது. இறக்கிய நிலையில் டேபிள் 18 செ.மீ. உயரம், பலகை 60 செ.மீ. நீளம் என்றால் ஏற்றம் 17 டிகிரிக்குமேல். தாழ்வான வண்டியின் சைலன்சரோ சென்டர் ஸ்டாண்டோ டேபிளின் விளிம்பில் உரசும். அப்படி உரசினால் பலகைக்கு முன்னால் 5 செ.மீ. கனமுள்ள மரக்கட்டை ஒன்றைப் போட்டு ஏற்றத்தை இரண்டாக உடையுங்கள். ஏற்றும்போது வண்டியின்மேல் உட்கார்ந்து ஓட்டாமல், இடப்பக்கம் நடந்தபடி முதல் கியரில் அரை கிளட்ச்சில் ஏற்றுங்கள். முன்பிரேக் எட்டும் தூரத்தில் விரல் இருக்கட்டும். கிளாம்ப் டயரைக் கவ்வும்வரை இன்னொருவர் வலப்பக்கம் நிற்பது நல்லது.

கேள்வி: டேபிளில் முன்சக்கரக் கிளாம்ப் இறுக்கமாகப் பிடிக்கிறது. பெல்ட் கட்ட வேண்டிய அவசியம் உண்டா?

பதில்: கட்டாயம் உண்டு. கிளாம்ப் டயரைப் பிடிக்கிறது, வண்டியை அல்ல. டயரின் ரப்பர் நெளியும், ஹேண்டில் திரும்பும், ஃபோர்க் ஆடும். இரண்டு ராட்செட் பெல்ட்டுகளை ஃபோர்க்கின் கீழ்ப் பிடிப்பிலிருந்து முன்னோக்கியும் வெளிநோக்கியும் சுமார் 45 டிகிரியில் டேபிளின் வளையங்களுக்குக் கட்டுங்கள். ஹேண்டிலின் முனையில் கட்டாதீர்கள், வளையும். ஃபோர்க் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்வரை இறுக்கினால் போதும். பின்னால் இரண்டு பெல்ட், ஃபிரேமிலோ பின் ஃபுட்ரெஸ்ட் தாங்கியிலோ.

முன்சக்கரத்தைக் கழற்றும் நாளில்தான் விபத்து நடக்கும். வண்டியைப் பிடித்திருந்ததே அந்தச் சக்கரம் வழியாகத்தான். ஆக்ஸிலை உருவிய நொடியில் கிளாம்ப்பின் பிடியில் வெறும் சக்கரம்தான் மிஞ்சும். எனவே ஆக்ஸிலைத் தொடுவதற்கு முன்பே பின்டயரைப் பெல்ட்டால் டேபிளோடு கட்டி, ஃபிரேமின் அடியில் சிறிய சிசர் ஜாக் கொடுத்து முன்பாரத்தை ஏற்றி, ஃபிரேமின் இரு பக்கமும் பெல்ட் போட்டுவிடுங்கள். வண்டியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இன்னும் தயாராகவில்லை. இன்ஜினை இறக்கும்போதும் இதே சோதனை வேண்டும். ஐம்பது அறுபது கிலோ குறைந்ததும் சஸ்பென்ஷன் மேலெழும்பி, கட்டிய பெல்ட்டின் இறுக்கம் மாறிவிடும்.

கேள்வி: கால் மிதி பம்ப் உள்ள டேபிள் வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் மிதிக்கவே முடியவில்லை, பாதி உயரத்துக்குப் பிறகு லேசாகிவிடுகிறது. காலையில் பார்த்தால் ஒரு விரற்கடை இறங்கியும் இருக்கிறது. பம்ப் கெட்டுவிட்டதா?

பதில்: முதல் குறை, குறையே அல்ல. டேபிள் தாழ்ந்திருக்கும்போது கால்கள் ஏறக்குறையப் படுத்த நிலையில் இருக்கும். சிலிண்டரின் தள்ளல் பெரும்பாலும் கால்களின் நீளவாக்கிலேயே போய்விடும், மேலே தூக்கும் பங்கு சிறிது. கால்கள் நிமிர நிமிர அந்தப் பங்கு கூடும். அதனால்தான் முதல் பத்து செ.மீ. பாடாய்ப் படுத்தும்.

இறங்குவது கசிவு. வால்வின் இருக்கையில் தூசு படிந்திருக்கலாம், சிலிண்டரின் சீல் தேய்ந்திருக்கலாம். பூட்டு விழுந்திருந்தால் டேபிள் பூட்டின்மேல் உட்கார்வதோடு இறக்கம் நின்றுவிடும். அந்தச் சிறு இறக்கத்தால் ஆபத்தில்லை. பூட்டு விழாமலே இரவு முழுக்க விட்டிருந்தீர்கள் என்றால் அதுதான் கவலைக்குரியது. மிதி பஞ்சுபோல் அமுங்கினால் ஆயிலில் காற்று புகுந்திருக்கிறது. வண்டி இல்லாமல் டேபிளை முழுதாக இறக்கி, இறக்கும் வால்வைத் திறந்துவைத்து, பத்துப் பதினைந்து முறை மிதியுங்கள். பிறகு வால்வை மூடி, வெறும் டேபிளை ஏற்றிப் பாருங்கள்.

ஆயில் குறைந்திருந்தால் டேபிள் இறங்கிய நிலையில்தான் ஊற்ற வேண்டும். உயர்ந்த நிலையில் நிரப்பினால், இறங்கும்போது சிலிண்டரிலிருந்து திரும்பும் ஆயிலுக்குத் தொட்டியில் இடம் இருக்காது. ஹைட்ராலிக் ஜாக் ஆயில் மட்டுமே ஊற்றுங்கள். கையில் இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை ஊற்றினால், ஜாக்கின் ரப்பர் சீல்கள் அதில் ஊறிப் பருத்துக் கெட்டுவிடும். கசிவை நிறுத்தப் போய், சீல் முழுவதும் மாற்ற வேண்டிய நிலை வரும்.

கேள்வி: என் கேரேஜ் தரை டைல்ஸ். கூரை உயரம் 2.4 மீட்டர். டேபிள் லிஃப்ட் வைக்கலாமா?

பதில்: உயரம் தாராளம். கண்ணாடியோடு சாதாரண வண்டி 1.2 மீட்டர், டேபிள் 0.8, ஆக 2 மீட்டர். உயரமான காற்றுத் தடுப்புள்ள வண்டியானால் 2.3 வரை போகும். தலைக்குமேல் சுருளும் ஷட்டரும் தொங்கும் விளக்கும் அந்த இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டைல்ஸ்தான் பிரச்சினை. டேபிளும் வண்டியும் சேர்ந்து 330 கிலோ வந்தால், அது நான்கு சிறிய இரும்புச் சக்கரங்களின் மெல்லிய விளிம்பில் இறங்குகிறது. நான்கிலும் சமமாகவும் இறங்காது. லிஃப்ட் நிற்கப்போகும் இடத்தில் ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்டால் அடியில் கலவை இல்லை, அந்த டைல் நிச்சயம் உடையும். அடியில் 18 மி.மீ. பிளைவுட் விரித்து, அதன்மேல் டேபிளை நிறுத்துங்கள். தரை வாசலை நோக்கிச் சரிந்திருந்தால் டேபிளின் நீளம் அந்தச் சரிவின் திசையிலேயே இருக்கட்டும். குறுக்கே வைத்தால் வண்டி முழு நேரமும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்.

கேள்வி: ஸ்கூட்டருக்கும் இதே லிஃப்ட் உதவுமா?

பதில்: டேபிள் உதவும், ஜாக் அவ்வளவாக உதவாது. ஸ்கூட்டரில் இன்ஜினும் பின்சக்கரமும் ஒரே துண்டாக ஆடும். இன்ஜின் அடியில் ஜாக் கொடுத்தால் சஸ்பென்ஷன்தான் அமுங்கும். பின்சக்கரத்துக்கு அதன் சென்டர் ஸ்டாண்டே போதும். முன்சக்கரத்துக்கு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கால் வைக்கும் தளத்தின் அடியில் ஓடும் ஃபிரேம் குழாயைத் தேடி, பிளாஸ்டிக்கில் படாமல் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். டேபிள் வாங்குவதென்றால் கிளாம்ப் 10 அங்குலச் சக்கரத்தையும் கவ்வுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய சக்கரத்துக்காகவே செய்த கிளாம்ப் சின்ன டயரின் மேற்பகுதியை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும்.

கேள்வி: பழைய டேபிள் லிஃப்ட் ஒன்று விற்பனைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

பதில்: பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். டேபிளை முழுதாக உயர்த்தச் சொல்லி, பூட்டைப் போட்ட பிறகு சிலிண்டரின் பளபளக்கும் தண்டை விரல் நகத்தால் நீளவாக்கில் தடவுங்கள். துருக் குழிகள் நகத்தில் தட்டுப்பட்டால், புது சீல் போட்டாலும் அந்தக் குழிகள் அதைச் சீக்கிரமே அறுத்துவிடும். உயர்த்திய நிலையிலேயே மாதக்கணக்கில் விட்டுவைக்கும் டேபிளில்தான் இப்படித் துருப் பிடிக்கும். பயன்படுத்தாதபோது இறக்கி வைத்தால் தண்டு சிலிண்டருக்குள் ஆயிலில் பாதுகாப்பாக இருக்கும்.

பிறகு கால்கள் சேரும் மூட்டுகள். டேபிளின் ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது கடகட என்றால் மூட்டுக்குள் இருக்கும் புஷ் என்ற உறை தேய்ந்திருக்கிறது. புஷ் மாற்றிவிடலாம். மூட்டைச் சுற்றியுள்ள வெல்டில் மயிரிழை விரிசலோ, ஏற்கெனவே உடைந்து மறுபடி வெல்டு வைத்த தடமோ தெரிந்தால் வாங்க வேண்டாம். கடைசியாக வண்டியை ஏற்றி, பூட்டு நிலைக்குச் சற்று மேலே நிறுத்தி, பூட்டை விழும் நிலையில் விட்டு, டேபிளின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்துகொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்குள் பூட்டில் வந்து உட்கார்ந்துவிட்டால் சீல் வேலை காத்திருக்கிறது, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பூட்டுத் தண்டு வளைந்திருந்தாலோ பல் மழுங்கியிருந்தாலோ விலையே பேசாமல் திரும்பிவிடுங்கள்.